வசந்தி மேடம் ஊறவைத்த டிஎன்ஏ

வசந்தி மேடம் திருவிடைமருதூரில், தங்கை வீட்டில், தூக்கத்திலேயே போய்விட்டார் என்று காலையில் போன் வந்தது. அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது நிம்மதிதான். நல்லவேளை, அந்தச் செய்தி காதில் விழுந்த பிறகே போனார். எந்தச் செய்தி என்று தஞ்சாவூரில் எங்கள் வேதியியல் துறையில் இருந்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

சில மருந்துகளின் மூலக்கூறு இடக்கை, வலக்கை போல இரண்டு வடிவங்களில் உருவாகும். ஒன்று நோய்க்கு உதவும். மற்றது வீண், சில சமயம் விஷம். மேடம் டிஎன்ஏவின் முறுக்கு ஏணிக்குள் செம்புச் சேர்மம் ஒன்றைச் செருகி வினையூக்கியாக்கினார். செம்பு வினையை நடத்தும்; எந்தக் கை வரவேண்டும் என்பதை முறுக்கு பார்த்துக்கொள்ளும். டிஎன்ஏவுக்காக நாகப்பட்டினம் துறைமுகத்தில் ஆண் மீனின் விந்துப்பை வாங்கிவருவார். இதில் எந்த ஊரில் குழம்பு வைப்பார்கள் என்று மீன்காரம்மா கேட்டாராம். எங்கள் லேபில் வைப்போம் என்றாராம் இவர்.

பிரித்தெடுத்த டிஎன்ஏ வெள்ளை நூல் போலிருக்கும், லேசில் கரையாது. சாயங்காலம் குளிர்ந்த உப்புக் கரைசலில் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். நான் அவசரப்பட்டால், "வெதநெல்ல ஊறப்போட்டுட்டு யாராச்சும் கிளறிக்கிட்டே இருப்பாங்களா சார்? அது பாட்டுக்கு ஊறட்டும்" என்பார்.

முடிவை வெளியிட்டதும், வெளியூர் ஆய்வகம் ஒன்று செய்துபார்த்து, இரண்டு கையும் ஏறக்குறைய சரிபாதி வருகிறது என்றது. மேடம் முடிவை ஜோடித்துவிட்டார் என்று சொல்லாமல் சொன்னது. துறையில் சிலர் அவர் முகம் பார்த்துப் பேசுவதை நிறுத்தினார்கள். அந்த நேரம் பார்த்து உடம்பும் படுத்தது. பழி தீராமலே போய்விடுவாரோ என்று பயந்தேன். நான் கொதித்துக்கொண்டிருக்க, அவர் படுக்கையிலிருந்தபடி ஒன்றே ஒன்று சொன்னார்: "அவங்க எப்புடிக் கரைச்சாங்கன்னு கேளுங்க சார்."

கேட்டேன். சீக்கிரம் கரையட்டும் என்று கொதிக்கவைத்திருக்கிறார்கள். கொதித்தால் ஏணியின் இரண்டு இழைகளும் பிரிந்து முறுக்கே போய்விடும். பிறகு செம்புக்கு இடமேது, வலமேது? ஆற அமர ஊறவைத்து மறுபடி செய்தார்கள். மேடம் சொன்னபடியே வலக்கை வடிவம்தான் மிகுதியாக வந்தது. தவறு தங்களுடையதுதான் என்று அவர்களே போன் செய்தார்கள்.

திருவிடைமருதூருக்கு ஓடினேன். கேட்டதும் கண்ணை மூடி நீளமாக மூச்சு விட்டார். அந்த ஆட்களை நான் திட்ட ஆரம்பித்ததும் கையமர்த்தினார்.

"விடுங்க சார். மொத தடவ நானும் கொதிக்கத்தான் வெச்சேன்."

எனக்குப் பொறுமை கிடையாது. உங்கள் எல்லாருக்கும் தெரியும். மயானத்தில் அவரை வழியனுப்பிவிட்டு நேராக லேபுக்குப் போனேன். ஒரு குப்பியில் டிஎன்ஏவை ஊறப்போட்டேன். கிளறாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.