பையில் கிடந்த சிரட்டைத் துண்டு

போர் முடிந்து கொஞ்சக் காலத்தில் எங்கள் உடப்புக் கிராமத்தில் மீன்பிடிச் சங்கத்து ஆட்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். மண்டபத்தில் கதிரைகளை வட்டமாகப் போட்டு இருத்தினார்கள். பயிற்சி கொடுக்க வந்த பிள்ளை ஒரு துணிப் பையை நீட்டினாள். பார்க்காமல் கையை விட்டு ஒரு பொருளை எடுத்து, தடவிக்கொண்டே மனதில் வருவதைச் சொல்ல வேண்டுமாம். ஒருவர் பூட்டுத் திறப்பை எடுத்தார், ஒருவர் பொத்தானை எடுத்தார். நான் கையை விட்டேன். வெளியே எடுக்க முடியவில்லை.

"எடுங்கோ ஐயா, கடிக்காது" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

எட்டு வயதில் இப்படி ஒரு பைக்குள் கை விட்டிருக்கிறேன். அந்தக் காலத்தில் கரையில் நின்று இழுக்கும் கரைவலையை யார் முதல் போடுவது என்பதைக் அம்மன் கோயில் வாசலில்தான் தீர்ப்பார்கள். வலைக்காரரைச் சம்மாட்டி என்போம். நான்கு சம்மாட்டிமார், எழுத்து ஒருவருக்கும் வராது. ஆளுக்கொரு தேங்காய்ச் சிரட்டைத் துண்டில் தன் குறியைக் கீறிக் கொடுப்பார்கள். கண் கட்டிய சிறுபிள்ளை ஒவ்வொன்றாக எடுக்கும். முதலில் வருகிற குறிக்கு முதல் வலை. சாளை மீன் கரையோடு வந்து நிற்கும் நேரம், முதல் வலை அள்ளியது போகத்தான் மற்றவர்களுக்கு.

அந்த வருடம் கண் கட்டிய பிள்ளை நான். துண்டுகளைச் சேர்த்துப் பையில் கட்டி வைத்தது அப்பா.

அப்பாவைப் போலவே அவர் தம்பி, என் சித்தப்பாவும் ஒரு சம்மாட்டி. முந்திய வருடம் அவருடைய வலை பாறையில் மாட்டிக் கிழிந்து தொழில் படுத்துவிட்டது. இந்தத் தடவை முதல் வலை கிடைக்காவிட்டால் அவருடைய ஆட்கள் வேறிடம் போய்விடுவார்கள் என்று ஊரே கதைத்தது. அப்பாவும் அவரும் கதைப்பதில்லை. வேலிச் சண்டை. வேலி என்ன பெரிய வேலி, நாலு தென்னோலைக் கிடுகு. எங்கள் ஆடே பாதியைத் தின்றிருந்தது.

கோயிலுக்குப் போகிற வழியில் அப்பா குனிந்து என் காதுக்குள் சொன்னார்.

"மூலை உடைஞ்ச துண்டு ஒண்டு கையில படும். அத முதல் எடு."

"அதுதான் எங்கடயா அப்பா?"

"சொன்னதச் செய். ஆரிட்டயும் மூச்சு விடாத."

வாசலில் என் கண்ணைக் கட்டினார்கள். கண்ணைக் கட்டினாலும் அம்மன் பார்த்துக்கொண்டுதானே இருப்பாள். பைக்குள் விரல் அலைந்தது.

"டேய், உள்ளுக்கு நண்டா பிடிக்கிற?" என்று யாரோ கேட்டார்கள்.

உடைந்த மூலை விரலில் குத்தியது. இழுத்தேன். கண் கட்டை அவிழ்த்துப் பார்த்தால் மீன்முள் குறி. சித்தப்பாவுடையது. எங்கள் நங்கூரக் குறி கடைசியாக வந்தது, மூலை ஒன்றும் உடையாமல்.

சித்தப்பா எங்கள் துண்டைக் களவெடுத்துத் தன் குறியைக் கீறிவிட்டார் என்றே நினைத்தேன். "அப்பா, சித்தப்பா கள்ள..." என்று தொடங்கினேன்.

"வாயப் பொத்து" என்று அப்பா என் தோளை இறுக்கினார்.

மண்டபத்தில் அந்தப் பிள்ளை இன்னும் பையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். ஒரு கல்லை எடுத்து, "கல்லு, பிள்ள. வேறொண்டும் வரேல்ல" என்று சொல்லிவிட்டுக் கதிரையில் சாய்ந்தேன். அந்த மூலையை உடைத்தது யார் என்பதில் எனக்கு இப்போது சந்தேகம் இல்லை. அண்ணன் விட்டுக்கொடுத்தால் சித்தப்பா வாங்கியிருக்க மாட்டார். அம்மன் கொடுத்தால் வாங்குவார்.

அன்றைக்கு இதெல்லாம் எனக்கு எங்கே விளங்கியது? விடிந்து சித்தப்பாவின் வலை மீன் பாரத்தோடு வந்தது. இழுக்க ஆள் போதவில்லை. அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு போய்க் கயிற்றின் கடைசியில் பிடித்தார். சித்தப்பா ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு முன்னால் பார்த்து இழுத்தார். நான் மணலில் குந்தியிருந்து, எங்களை ஏமாற்றிய கள்ளனுக்கு இந்த அப்பா ஏன் இப்படி மூச்சு வாங்க இழுக்கிறார் என்று ஆத்திரத்தில் அழுதுகொண்டிருந்தேன்.