வாப்பா பார்த்த டைனோசர்

எண்பதுகளின் தொடக்கத்தில், கல்முனையில் ஒரு பாடசாலை மண்டபத்துக்குக் கொழும்பிலிருந்து டைனோசர் கண்காட்சி வந்தது. நான் அப்போதுதான் ஆசிரியையாகியிருந்தேன். பெருமையோடு வாப்பாவையும் கூட்டிப் போனேன். இறக்காமத்து வயலில் விடியவிடிய யானை புகாமல் காவல் இருந்துவிட்டு வந்தவர், தூக்கக் கண்ணோடு நடந்தார்.

மண்டபத்தின் நடுவில் கூரையை முட்டும் எலும்புக்கூடு நின்றது. அதைக் கண்டதும் வாப்பாவின் தூக்கம் போய்விட்டது. விளக்கம் சொல்ல நின்ற காரைதீவு இளைஞரிடம் கேட்டார்:

"தம்பி, இது என்ன தின்னும்?"

"இலைகுழைதான், காக்கா," என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னார் அவர்.

"அப்ப வெள்ளாமையும் தின்னும். யானை வெடி போட்டா ஓடுமா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு எரிச்சல் வந்தது. "வாப்பா, இதெல்லாம் செத்து எத்தனையோ கோடி வருசம்!"

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று அவர் நெஞ்சில் கைவைத்தார்.

இளைஞர் விடவில்லை. "எல்லாம் அழியல்ல, காக்கா. அதில ஒரு கூட்டம் சிறுத்து, செட்டை முளைச்சு, பறவையாகிட்டு," என்று, கல்லில் இறகு பதிந்திருந்த உயிர்ச்சுவடு ஒன்றைக் காட்டினார். வாப்பா அதை நம்பினாரோ இல்லையோ, வழியெல்லாம் வேலியில் இருந்த பறவைகளை உற்றுப் பார்த்துக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்தால், முற்றத்தில் பாய் விரித்துக் காயப்போட்ட நெல்லை உம்மாவின் கோழிகள் கிளறிக்கொண்டிருந்தன. வாப்பா விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தார்.

"யானைக்கு மேல பெருத்துத் திண்டது காணாதெண்டு, சிறுத்து வந்தும் என்ட நெல்லையா தின்னுறீங்க?"