துரை வளவில் முதல் கலியாணம்

பண்டத்தரிப்புக்குப் போகும் வழியில் இருந்த அந்தப் பெரிய வீட்டை ஊர் முழுக்கத் ‘துரை வீடு’ என்றுதான் சொல்லும். கட்டிய வெள்ளைக்காரத் துரை யார், எங்கள் வெயிலுக்குள் குளிர்காயும் அடுப்பு எதற்குக் கட்டினார் என்பதெல்லாம் ஒருவருக்கும் தெரியாது. துரை போனபிறகு மிஷன்காரர் அங்கே பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கப் போடிங் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். பிறகு அது நெல்லுக் களஞ்சியமாயிற்று, இடம்பெயர்ந்த சனத்துக்குத் தங்குமிடமாயிற்று, கடைசியில் ஆமி முகாமாயிற்று. எனக்கு எட்டு வயதானபோது ஆமி போய், கண்ணிவெடி அகற்றுகிறவர்களும் வந்து பார்த்துவிட்டுப் போய், லண்டனில் இருந்த சொந்தக்காரர் வெள்ளையடித்துக் கலியாண மண்டபமாக வாடகைக்கு விட்டார். அங்கே நடக்கவிருந்த முதல் கலியாணம் எங்கள் சித்தியுடையது.

சித்திக்கு ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் குழம்பியிருந்தது. ஒன்று சாதகத்தால், மற்றது சனத்தின் வாயால். இதுவும் குழம்பினால் இனிக் கலியாணப் பேச்சே வேண்டாம் என்று சொல்லியிருந்தா. அதனால் அந்த நாட்களில் பல்லி சொன்னாலும் அம்மாவுக்கு நெஞ்சு பதறும்.

இரண்டு வீட்டாரின் காணிகளும் இன்னும் ஆமியின் கையிலிருந்து விடுபடவில்லை. ஆகவே தாலிக்குப் பொன் உருக்குவதும் அங்கேதான், அன்றைக்கே முள்முருக்கந் தடி நட்டுக் கன்னிக்கால் வைப்பதும் அங்கேதான் என்று முடிவாயிற்று. மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அலவாங்கு என்கிற இரும்புக் கடப்பாரையால் வளவு முற்றத்தைக் குத்தினார். ‘டங்’ என்றது.

“ஒருத்தரும் அசையாதேங்கோ!” என்று கத்திய மாமாதான் முதலில் ஓடினார். ஐயர் அவருக்குப் பின்னால்.

கண்ணிவெடிக்காரர் திரும்பி வந்து, எங்களை றோட்டுக்கு அனுப்பிவிட்டு, கரண்டியால் பாயாசம் கிண்டுவதுபோலக் கிண்டத் தொடங்கினார்கள். நல்ல நேரம் கண்ணுக்கு முன்னால் கழிந்துபோனது. பட்டுச்சேலையோடு மதிலோரம் நின்ற சித்தி, “உதுவும் போச்சு, அக்கா” என்று அம்மாவிடம் சொன்னா.

வெயில் உச்சிக்கு வந்தபோது உள்ளேயிருந்து சிரிப்புக் கேட்டது. குண்டில்லை. துரை குளித்த இரும்புத் தொட்டி, நாலு சிங்கக் காலும் மேலே தெரியக் கவிழ்ந்து கிடந்தது. அப்பாடா! மாமா தான் ஓடவேயில்லை என்று சொல்லத் தொடங்கிவிட்டார்.

அப்போதுதான் மாப்பிள்ளையின் பெரியப்பா தொட்டியைச் சுற்றிவந்து தொண்டையைச் செருமினார். “கன்னிக்கால் கிடங்குக்குள்ளை சவப்பெட்டி மாதிரி ஒண்டு. நேரமும் தப்பிப் போச்சு. உதை யோசிக்கத்தான் வேணும்.”

சிரிப்பு நின்றது. சித்தியின் முகத்தைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது.

அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளையின் தாய், நாங்கள் பயத்தோடு ‘மாமி’ என்று கூப்பிட்ட மனுசி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தா. தொட்டியைத் தடவினா.

“ஐயோ, உது எங்கடை போடிங் தொட்டியெல்லோ! சின்னனிலை உதுக்குள்ளை இறங்கி நாங்கள் போட்ட கூத்து! நான் குளிச்ச தொட்டி என்ரை மருமேளின்ரை கன்னிக்காலுக்கு எழும்பி வந்திருக்கு. உதைவிட நல்ல சகுனம் வேறை என்ன வேணும்? ஐயா, அடுத்த நல்ல நேரம் எப்ப?”

பெரியப்பாவை ஒரு பார்வை பார்த்தா. அவர் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “ஓம், ஓம், பின்னேரம் வைக்கலாம்” என்றார். சித்தி மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதா.

நான் விடுவேனா? தண்ணி ஆர் அள்ளினது, எத்தனை பேர் ஒண்டாய்க் குளிச்சனீங்கள் என்று மாமியின் பின்னாலேயே திரிந்தேன். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தா. “அப்ப ஏன் மாமி மண்ணுக்குள்ளை தாட்டவை?” என்றபோது மட்டும் ஒரு பயித்தம்பணியாரத்தை என் வாய்க்குள் திணித்தா. மாமிக்கு என்மேல் எவ்வளவு பட்சம் என்று பூரித்துப் போனேன்.

வளர்ந்தபிறகு, அன்றைய மாப்பிள்ளையான சித்தப்பா சொல்லித்தான் தெரியும். அவருடைய தாய் சாவகச்சேரியில், வீட்டுக்கு முன்னால் இருந்த பள்ளிக்கூடத்தில் படித்தவ. போடிங் வாசலை மிதித்ததேயில்லை. சம்பந்தம் பேசும்போது ஊரும் பள்ளிக்கூடமும் விசாரிக்காத யாழ்ப்பாணத்தார் உண்டா? அம்மாவுக்குத் தெரியும், மாமாவுக்குத் தெரியும், பெரியப்பாவுக்கு நன்றாகவே தெரியும். அழுத சித்திக்கும் தெரியும்.

அந்த வளவில் அதை நம்பிய ஒரே ஆள் நான்தான்.