கறுப்புத் தூள் பறந்த மதியம்

கரண்ட் போனால் ஃபேன் சுவிட்சை அணைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம். அணைத்துவிட்டால் கரண்ட் வந்தது எப்படித் தெரியும்? மதுரையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் என்னைவிட்டுப் போகவில்லை. ஊரில் என்னைப் பெரிய படிப்புக்காரி என்பார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும்.

என் ஆய்வு வாழையில் தொடங்கும். சமயநல்லூர்ப் பக்கத் தோட்டங்களில் தார் வெட்டியதும் சாய்த்துப் போடும் மரத்தை வாங்கி வந்து, நாரை உரித்து, காரக் கரைசலில் வேகவைத்து, வெளுத்து, கண்ணுக்குத் தெரியாத இழைகளாகும்வரை அரைத்தால் கஞ்சி போல ஒரு கூழ் கிடைக்கும். அதுதான் நானோ செல்லுலோஸ். அதில் கார்பன் நானோகுழாய் என்னும் கறுப்புத் தூளைக் கலந்து, வடிகட்டிக் காயவைத்தால் மடித்தாலும் உடையாத கறுப்புத் தாள். அந்தத் தாள் மின்சாரத்தைக் கடத்தும், சேமித்தும் வைக்கும். கூழுக்குள் போய்விட்டால் தூள் சாதுவாக அடங்கிவிடும். உலர்ந்திருக்கும்போது மூச்சு பட்டாலே எழும்பும்.

அந்தச் சித்திரை மதியம் கரண்ட் போயிற்று. தூளை நிறுக்கும்போது காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும் கண்ணாடிப் பெட்டி நின்றுபோனது. தராசு மட்டும் யூபிஎஸ்ஸில் ஓடியது. வெளிச்சத்துக்காக அதை ஜன்னலோர மேசைக்கு நகர்த்தினேன். புழுக்கம் தாங்காமல் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டேன். குப்பியைத் திறந்து சிறு கரண்டியில் தூளை எடுத்த நொடியில் கரண்ட் வந்தது. தலைக்கு மேல் ஃபேன் சுற்றியது.

கரண்டி காலி. மேசை, சுவர், என் துப்பட்டா எல்லாம் கறுப்பு. தொண்டையில் ஏதோ ஒட்டியது போலிருந்தது. பிரமையாகவும் இருக்கலாம்.

எனக்கு அப்போது இரண்டாவது மாதம். கணவருக்கும் அம்மாவுக்கும் மட்டுமே தெரியும். மூன்று மாதம் முடியாமல் வெளியே சொல்லக் கூடாது என்பது வீட்டின் இன்னொரு சட்டம். அம்மா அதில் கறாராக இருந்தாள்.

நனைத்த துணியால் மேசையைத் துடைத்தேன். துப்பட்டாவைக் கவரில் கட்டிக் கழிவுப் பெட்டியில் போட்டேன். என் வழிகாட்டிப் பேராசிரியர் உள்ளே வந்தார்.

"ஃபேன அணைக்கலையாம்மா?"

"சார், இந்தத் தூளு நுரையீரலத் தாண்டி உள்ள போகுமா?"

"எதுக்குக் கேக்குற?"

"நான் மாசமா இருக்கேன் சார்."

எதற்கும் பதில் வைத்திருக்கிறவர் அவர். குழாய் ஒழுகினாலும் அதற்கொரு சமன்பாடு சொல்வார். அன்று எட்டி ஃபேன் சுவிட்சை அணைத்தார்.

"தெரியலம்மா. எலிய வச்சுப் பாத்திருக்காங்க. நெறையப் போனா ஆகாதுங்கறாங்க. இம்புட்டுப் போனா என்ன ஆகும்னு யாருக்கும் சரியாத் தெரியாது. மொதல்ல டாக்டரப் பாரு. இனிமே இந்த ரூமுக்கு வராத."

அவர் பொய்யாகவாவது ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கக் கூடாதா என்றிருந்தது. சிம்மக்கல்லில் பஸ் மாறும்போது, மேலூர்ப் பக்கம் ஊரில் இருந்த அம்மாவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

"மாசமா இருக்கறத சார்ட்ட சொல்லிட்டேம்மா."

"அடி கிறுக்குச் சிறுக்கி! வேலைக்கு வராதன்னுருப்பாரே?"

நான் திகைத்துப்போனேன். கண் பட்டுவிடும் என்றுதான் திட்டுவாள் என நினைத்திருந்தேன். அதற்காகத்தானே மறைக்கச் சொன்னாய் என்று கேட்டேன்.

"கண்ணாவது மண்ணாவது! வயல் வேலை இல்லாதப்ப குவாரியில சல்லி அள்ளப் போவேன். நீ வயித்துல இருக்குறது தெரிஞ்சா மறுநா மேஸ்திரி வரவேணாம்பான். சேலைய ஏத்தி எறக்கிக் கட்டி மறைச்சேன். அதான் ஒன்னையும் சொல்லாதன்னேன்."

"தூசி இருக்குமேம்மா?"

"அம்புட்டும் தூசிதான். பயந்து பயந்துதான் அள்ளுனேன்."

அன்று முதல் நான் பயத்தோடுதான் விழித்தேன், பயத்தோடுதான் சாப்பிட்டேன். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் படுக்கும்போது டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் புருவத்தைச் சுருக்கினால் எனக்கு உயிர் போய் வரும்.

மகள் பிறந்தாள். குறையொன்றும் இல்லை என்றார்கள். பயம் மட்டும் இறங்கவில்லை. அவள் தும்மினால் பதறினேன். பால் குடிக்கையில் புரையேறினால் அழுதேவிட்டேன். ஒருநாள், குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன்.

"ஒனக்கு அந்தப் பயம் எப்பம்மா போச்சு?"

அம்மா நிமிரவில்லை. குழந்தையின் முதுகில் வெந்நீரை ஊற்றினாள்.

"போச்சுன்னு யாருடி சொன்னா? முந்தாநேத்து நீ படுத்துக்கிட்டு இருமுனியே, எந்திரிச்சு வந்து பாத்துட்டுத்தான் மறுபடி படுத்தேன்."