கற்பகத்தின் புரோகிராமில் தேமல்

போடியில் ஜேசுதாஸ் முதலாளியின் ஏலக்காய்க் கடைக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது அதைத் தொடத் தெரிந்தவள் கற்பகம் ஒருத்திதான். மலையடிவாரத்துக் குரங்கணி ஊர்க்காரி. அம்மா மலையில் காயெடுத்து இவளைக் கம்ப்யூட்டர் வகுப்புக்கு அனுப்பியிருந்தாள். அதே கடையில் நான் காய் சலிக்கிற பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கற்பகத்துக்கு வாய் ஓயாது. ஆனால் வேறு யாராவது அவளைக் குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது, இன்றைக்கும்.

மூட்டைமேல் ஒட்டும் சீட்டு இங்கிலீஷில்தான் வரும். எதை எங்கே அடுக்குவதென்று தெரியாமல் தூக்குகிறவர்கள் முழிப்பார்கள். கற்பகம் தமிழ் எழுத்தை ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்து வரைந்து, சீட்டைத் தமிழில் அடிக்க ஒரு புரோகிராம் எழுதினாள். ‘பெரிய காய்’ என்று முதல் சீட்டு வந்ததும் அதைக் கடை முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தாள்.

அப்புறம்தான் மதுரையிலிருந்து ஆண்டிவைரஸ் பிளாப்பி வந்தது. போட்டதும் கம்ப்யூட்டர் கீச்சுக்கீச்சென்று கத்தியது, திரை சிவந்தது. கற்பகத்தின் புரோகிராமில் வைரஸ் இருக்கலாமாம். அழிக்கட்டுமா என்று வேறு கேட்டது. கற்பகம் சாப்பிடப் போயிருந்தாள்.

முதலாளிக்குப் போடிமெட்டுக்கு மேலே தோட்டம். ஏலச்செடியில் விழும் தேமலும் வைரஸ்தான். அதற்கு மருந்து கிடையாது. கண்டவுடன் தூரோடு பிடுங்கி எரிக்காவிட்டால் பக்கத்துத் தூரும் போய்விடும். அப்படிப் பழகிய மனிதர் யோசிப்பாரா? அழி என்று தட்டிவிட்டார். அதோடு நிற்காமல், அவள் மேஜையிலிருந்த பிளாப்பிகளையும் அள்ளிக் கொண்டுபோய்க் கொல்லையில் எரித்தார்.

சாப்பிட்டு வந்த கற்பகம் சாம்பலைப் பார்த்து அழுதாள்.

“ஏத்தா, வகுப்புல இருந்து நீதான் நோயத் தொத்தவச்சுக் கொண்டாந்திருக்கே,” என்றார் முதலாளி.

தோட்டத்துக்கு நோய் கொண்டுவந்தவன் என்று பேர் வாங்கினால் மலையில் யாரும் வேலை தரமாட்டார்கள். அந்தப் பேர் இப்போது அவளுக்கு வந்துவிட்டது.

நினைவிலிருந்தே திரும்ப எழுதினாள். ஆண்டிவைரஸ் மறுபடி கத்தியது. அழிக்க முதலாளி விரலை நீட்ட, கற்பகம் அவர் கையைப் பிடித்துவிட்டாள்.

“ஒவ்வொரு புள்ளியும் நான் வச்சது, மொதலாளி. இதுல நோயில்ல. பிடுங்கணும்னா என்னயும் சேத்துப் பிடுங்குங்க.”

அவர் கையை எடுத்துக்கொண்டார். அவள் வகுப்புக்கு ஓடி, வேறு கம்பெனி ஆண்டிவைரஸை வாங்கி வந்து போட்டாள். அது அவள் புரோகிராமைப் பார்த்துச் சும்மா இருந்தது. மதுரைப் பிளாப்பியைக் காட்டியதும் கத்தியது. மதுரைப் பிளாப்பிக்குப் புதியதைக் காட்டினால் அதுவும் கத்தியது!

“வைரசக் கண்டுபிடிக்க அதோட அடையாளத்த ரெண்டும் உள்ள வச்சிருக்கு. அதப் பாத்து ஒண்ண ஒண்ணு நோயாளிங்குது,” என்றாள்.

முதலாளி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்து முடித்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “எரிச்சது என் தப்பு ஆத்தா,” என்றார். அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

எத்தனையோ வருஷம் கழித்துப் போன வாரம் கடைக்குப் போயிருந்தேன். புதுக் கம்ப்யூட்டர் எதையோ ஆபத்து என்று சிவப்பாகக் காட்டியது. முதலாளியின் மருமகள் அழிக்கப் போனாள்.

“தொடாத!” என்று நாற்காலியிலிருந்தே கத்தினார் கிழவர். “கற்பகம் சாப்பிடப் போயிருக்கு. வந்துரட்டும்.”