வாடைக்காற்றில் சோதித்த கணினி

ராமநாதபுரத்தில் என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அழுதுகொண்டுதான் வருவார்கள். பிளெக்ஸ் பேனர் கடை என்றால் அப்படித்தான். காதுகுத்து, கல்யாணம் எல்லாவற்றுக்கும் பத்து நாள் அவகாசம் கிடைக்கும். கண்ணீர் அஞ்சலிக்கு இரண்டு மணி நேரம். உடல் தெருவுக்குள் வருவதற்கு முன் முச்சந்தியில் முகம் நின்றாக வேண்டும். இந்த அவசரம்தான் என்னை அந்தக் கிறுக்குத்தனத்தில் தள்ளியது என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். உண்மை அதுவல்ல. ஐம்பதை நெருங்கும் வயதில் எதையாவது வேகமாக ஓட்டிப் பார்க்க ஆசை வந்தது. பைக்கை ஓட்டினால் வீட்டில் திட்டு விழும். கணினி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

கணினியின் மூளையான பிராசஸருக்கு இவ்வளவு வேகம் என்று கம்பெனியிலேயே அமைத்து அனுப்புகிறார்கள். அதை நாமாகக் கூட்டி வைப்பதற்குப் பெயர் ஓவர்கிளாக்கிங். கணினி எழும்போது ஒரு பொத்தானைத் தட்டினால் பயாஸ் என்ற பக்கம் திறக்கும். அங்கே வேகத்துக்கான எண்ணை ஏற்றினேன். கூடவே பிராசஸருக்குப் போகும் மின்னழுத்தத்தையும் துளி ஏற்றினேன். அந்தத் துளிக்கு நான் பட்ட பாடு! நாற்காலியைப் பின்னால் தள்ளி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, தீபாவளி அணுகுண்டுக்குத் திரி பற்றவைப்பவனைப் போல ஒற்றை விரலை நீட்டி அழுத்தினேன். வெடிக்கவில்லை.

ஏற்றினால் போதாது, தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கென்றே உள்ள மென்பொருளை மணிக்கணக்கில் ஓடவிட்டு, சூடு எதுவரை ஏறுகிறது என்று கவனிக்கச் சொல்கிறார்கள். நான் இருபது நிமிடம் ஓடவிட்டேன். பிறகு, நம் கடை வேலையை வைத்தே சோதிக்கலாமே என்று தோன்றியது. பெரிய அளவில் ஒரு கண்ணீர் அஞ்சலி. ஆனால் யார் முகத்தைப் போடுவது? செத்தவர் முகத்தை வைத்து விளையாட மனம் வரவில்லை. இருப்பவர் முகத்தைப் போட்டால் உதை விழும். மிச்சம் இருந்தது நான். கூலிங்கிளாஸ் போட்ட என் படம், சுற்றிலும் ரோஜா, அடியில் ‘துயரில் வாடும் டீக்கடை நண்பர்கள்’. தோற்றம் என்ற இடத்தில் என் பிறந்த தேதி. மறைவு என்ற இடம் காலி.

மதியச் சோறு கொண்டுவந்த மனைவி அதைப் பார்த்தாள். நான் சிரித்தேன். அவள் தூக்குச்சட்டியை வைத்தாள், மானிட்டரை அணைத்தாள், போய்விட்டாள். இரண்டு நாள் பேச்சில்லை. சிரிக்கத் தெரியாத வீட்டில் பெண்ணெடுத்துவிட்டேன் என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அது மார்கழி. வாடைக்காற்று சன்னல் வழியாக வந்து கணினியின் முதுகில் நேராக விழும். என் முகம் அத்தனை பெரிதாக எட்டுமுறை திறந்து, எட்டுமுறை மூடியது. ஒரு தடங்கலும் இல்லை. ஒன்பது நிமிட வேலை ஏழு நிமிடத்தில் முடிந்தது. மிச்சமான இரண்டு நிமிடத்தை என்ன செய்தேன் என்று நினைவில்லை.

ஆனி மாதம் ஒரு நாள், பகல் பன்னிரண்டு மணி இருக்கும். தொண்டிப் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து ஒரு பெண்ணும் அவளுடைய கொழுந்தனும் வந்தார்கள். காலையில் வலையைக் கரையில் இறக்கிப் போட்ட அவள் புருஷன் அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாராம். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தும் பயனில்லை. இரண்டு மணிக்கு உடலை ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பும். அதற்கு முன்னால் பேனர் வேண்டும்.

கொழுந்தன் அடையாள அட்டையை நீட்டினான். “இதைப் போடுங்கண்ணே. பளிச்சுன்னு இருக்கும்.”

“வேணாம் தம்பி. அதுல போலீசு புடிச்சுக் கொண்டாந்த மாதிரி இருக்காரு,” என்றாள் அவள். தன் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினாள். மாதா கோயில் திருவிழாவில் ஏழெட்டுப் பேர் தோளில் கைபோட்டு நிற்கிறார்கள். பின்வரிசையில் ஓரமாக ஒருவர் வாய்விட்டுச் சிரிக்கிறார். முகம் மிளகளவு.

“மதினி, எழவுக்குச் சிரிச்ச மூஞ்சியப் போட்டா ஊர்ல என்ன பேசுவாக?”

“பேசட்டும். நான் பாத்த மூஞ்சி இதுதான்.”

சிறிய முகத்தைப் பெரிதாக்கித் தெளிவாக்க ஒரு மென்பொருள் இருக்கிறது. பிராசஸரைப் பிழிந்து எடுத்துவிடும். ஓடவிட்டேன். “ஏழு நிமிஷம், தங்கச்சி. நம்ம மிசின் வேற மாதிரி,” என்றேன். அந்த இடத்தில் அப்படிப் பீற்றிக்கொண்டதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

மூன்றாவது நிமிடத்தில் திரை உறைந்தது. நெற்றியும் ஒரு கண்ணும் மட்டும் வந்திருந்தன. பிறகு நீலத்திரை, பிறகு இருட்டு.

அப்போது நான் செய்தவை: செத்த கணினியில் சேமிக்கும் பொத்தானை ஏழெட்டுத் தடவை தட்டினேன். பெட்டியின் பக்கவாட்டில் வாயை வைத்து ஊதினேன். சுவரில் இருந்த காலண்டர் அட்டையைப் பிடுங்கி, மயங்கி விழுந்தவருக்கு வீசுவதைப் போல வீசினேன். கொழுந்தன் நல்லவன், ஒன்றும் கேட்காமல் தானும் ஒரு அட்டையை எடுத்து மறுபக்கம் நின்று வீசினான்.

கணினி எழுந்தது. டிசைன் மென்பொருளைத் திறந்தேன். பாதியில் நின்ற கோப்பைத் தானே மீட்டுத் தருவதாகச் சொன்னது. ஆகா என்று சம்மதம் கொடுத்தேன். வந்து நின்றது நான். கூலிங்கிளாஸ், ரோஜா, டீக்கடை நண்பர்கள். என்றோ சேமிக்காமல் பாதியில் விட்ட பிரேதம்.

அவள் திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

“இது நீங்கதானண்ணே?”

“சும்மா… மிசின சோதிக்கிறதுக்குப் போட்டது, தங்கச்சி.”

“வீட்ல பாத்தாகளா?”

“பாத்துட்டா.”

“என்ன சொன்னாக?”

பொய் சொல்ல வாயெடுத்தேன். தாலி கட்டியவனைக் காலையில்தான் பறிகொடுத்தவளிடம் பொய் வரவில்லை. “ஒண்ணும் சொல்லல. ரெண்டு நாளு பேசல.”

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். திட்டியிருந்தால் தேவலை.

வேறு வழியில்லாமல், வேகத்தைக் கூட்டி வைத்த கதையைக் கொழுந்தனிடம் ஒப்புக்கொண்டேன். அவன் வீசுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான்: “சோதிச்சீகளே, எப்பண்ணே சோதிச்சீக?”

“மார்கழியில.”

“வாடையிலயா?” சன்னலைத் திறந்து கையை வெளியே நீட்டினான். மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அடுப்பு வாயைத் திறந்ததைப் போல உள்ளே வந்தது. “இது கச்சான்ணே. வாடையில நல்லா ஓடுன வள்ளம்னு சொல்லி யாரும் கச்சான்ல கடலுக்கு எறக்குவாகளா? இதுலயும் விட்டுப் பாத்திருக்கணும்ல.” சன்னலை மூடினான். “அடையாள அட்டையே போதும்ணே. மணி ஒண்ணாகப் போகுது.”

அவள் செல்போனைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. அது என் மேசை மேலேயே கிடந்தது, அந்தச் சிரிப்போடு.

பயாஸ் பக்கத்துக்குப் போக வேண்டும். அவசரத்தில் இரண்டு தடவை நேரம் தவறி, கணினி தன் பாட்டுக்கு முழுதாக எழுந்துவிட்டது. மூன்றாவது தடவை பக்கம் வந்தது. ஏற்றியதையெல்லாம் இறக்கி, கம்பெனி கொடுத்த கணக்குக்கே கொண்டுவந்தேன்.

“இனிமே மெதுவாத்தான் வரும், தங்கச்சி. ஒன்பது நிமிஷம், பத்து நிமிஷம் ஆகும்.”

“ஆகட்டும்ணே. அவரு எங்கயும் சொன்ன நேரத்துக்கு வந்ததில்ல.”

இந்த முறை அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு எதிரே உட்கார்ந்தாள். கட்டம் கட்டமாக வந்தது. முடி, வெயிலில் கறுத்த நெற்றி, ஒரு கண், மறு கண். மூன்றாவது நிமிடம் தடங்கலில்லாமல் கடந்தது. மூக்கு வந்தது. வாய் வர இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. அதுவரை அழாமல் இருந்தவள், பல்வரிசை தெளிந்து வந்ததும் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். கொழுந்தன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். நான் காலண்டர் அட்டையால் கணினிக்கு வீசிக்கொண்டே இருந்தேன். அதற்கு இனி அவசியமில்லை என்று எனக்குத் தெரியும்.

மூலையில் சிலுவையும் பெயரும் வைத்து அச்சுக்கு அனுப்பினேன். ஒன்றரைக்குப் பேனர் வெளியே வந்தது. மை ஈரமாக இருந்ததால் சுருட்ட வேண்டாம் என்றேன். ஆட்டோவில் அவள் ஒரு முனை, கொழுந்தன் ஒரு முனை பிடித்துக்கொண்டார்கள். கச்சான் காற்றில் அது புடைத்துப் புடைத்து அடங்கியது. ஆட்டோ ஆஸ்பத்திரிச் சாலையில் திரும்பும்வரை அந்தச் சிரிப்பு தெரிந்தது.

உள்ளே வந்து என் கோப்பைத் திறந்தேன். மறைவு என்ற இடம் காலியாகக் கிடப்பதை இத்தனை நாள் பார்த்ததே இல்லை என்று பட்டது. அழித்தேன். மீட்டுத் தரவா என்று கணினி கேட்டபோது வேண்டாம் என்றேன்.

அன்று மதியம் சாப்பிட நானே வீட்டுக்குப் போனேன். சோறு வைத்துக்கொண்டிருந்த மனைவியிடம், “அந்தப் படத்த அழிச்சிட்டேன்,” என்றேன். எந்தப் படம் என்று அவள் கேட்கவில்லை.

“இப்பத்தானா?” என்றாள். குழம்பை ஊற்றினாள்.