மாதிரி ஃபைலில் இருந்த எண்

என் அக்காவை அவள் அலுவலகத்தில் கமா அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மென்பொருள் எழுதும் சின்ன நிறுவனம் அது. மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறைகள், ஒரு மின்விசிறி. புரோகிராம் ஓடமாட்டேன் என்று அடம் பிடித்தால் அக்காவைக் கூப்பிடுவார்கள். அவள் திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இந்த வரியில இருந்த கமாவை யாரு தின்னது?" என்பாள். கமாவைப் போட்டதும் ஓடிவிடும்.

அவர்கள் செய்து கொடுத்தது முதியோர் இல்லங்களுக்கான அழைப்பு மணி. ஒவ்வொரு கட்டிலுக்கும் பக்கத்துச் சுவரில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால், அப்போது பணியில் இருக்கும் நர்ஸின் போனுக்குச் செய்தி போகும். எல்லா இல்லங்களிலும் ஓடுவது ஒரே புரோகிராம்தான். எந்த இல்லம், எந்த நர்ஸ், அவருடைய எண் என்ன என்பதெல்லாம் செட்டிங்ஸ் ஃபைல் என்று தனியாக ஒன்றில் இருக்கும். புரோகிராம் எழுந்ததும் முதல் வேலையாக அதைத்தான் படிக்கும். இல்லத்துக்கு ஒன்றாக இருந்த அந்த ஃபைல்கள் அத்தனையும் அக்காவின் பொறுப்பு.

ஃபைலில் ஒரு கமா விட்டுப்போனாலும் புரோகிராமுக்கு எதுவும் புரியாது, நின்றுவிடும். அக்கா வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி ஒருமுறை நின்றுபோய், ஓர் இல்லத்துக்காரர் போனில் அவளை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டார். அன்று முழுக்க அவள் முகம் தொங்கிப் போயிருந்தது. மறுநாள் உட்கார்ந்து ஒரு வழி செய்தாள். ஃபைலைப் படிக்க முடியாவிட்டால், உள்ளேயே வைத்திருக்கும் மாதிரி ஃபைலை எடுத்துக்கொண்டு ஓடு என்று எழுதி வைத்தாள். மாதிரி ஃபைலில் இல்லத்தின் பெயர் 'மாதிரி இல்லம்'. நர்ஸின் எண்ணுக்கும் ஏதாவது போட வேண்டுமே. சோதித்துப் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று தன் எண்ணையே போட்டாள்.

"இனிமே என் புரோகிராம் நிக்கவே நிக்காதுப்பா," என்று வீட்டில் வந்து சொன்னாள்.

அப்பா பஸ் ஓட்டுபவர். "நிக்காத வண்டியில நான் ஏறமாட்டேன் தாயே," என்றார். அக்கா தலையணையைத் தூக்கி அவர் மேல் எறிந்தாள்.

அதற்குப் பிறகு அலுவலகத்தில் யார் பொத்தானைச் சோதித்தாலும், சோதனைக்கும் அந்த மாதிரி ஃபைல்தான் என்பதால், அவள் போன் முனகும். 'மாதிரி இல்லம்: அறை 2 அழைக்கிறது' என்று செய்தி வரும். எங்களுக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. "அக்கா, மாதிரித் தாத்தாவுக்கு வயித்துவலியாம், போய்ப் பாரு," என்பேன். அவளும், "வெந்நீர் குடிக்கச் சொல்லுடா," என்பாள்.

விடுமுறை நாள் ஒன்றில் நாங்கள் எல்லாரும் மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அக்காவின் போன் முனகியது. 'மாதிரி இல்லம்: அறை 4 அழைக்கிறது.' கொஞ்ச நேரத்தில் மறுபடியும். பிறகு விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தது.

"என்னடி இது, பொறுமையே இல்லாத தாத்தாவா இருக்காரே," என்றார் அம்மா.

"ஆபீஸ்ல புதுசா ஒரு பையன் சேர்ந்திருக்கான்மா. லீவு நாள்லயும் வந்து பொத்தானை நோண்டுறான் போல. நாளைக்கு இருக்கு அவனுக்கு." அக்கா போனின் சத்தத்தை அணைத்துவிட்டு, மேனேஜர் கொட்டாவி விடுவதை எங்களுக்கு நடித்துக் காட்டினாள். அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

சாயங்காலம் துணி மடிக்கும்போது அந்தப் புதுப் பையனுக்குப் போன் செய்தாள். திட்டுவதற்காகத்தான். அவன் சொன்னது எனக்கும் கேட்டது.

"நான் ஒண்ணையும் அழுத்தலக்கா. ஆபீசுக்கே போகல. காலையில அந்த ஆத்தோர இல்லத்துல போய்ப் புது நர்ஸ் நம்பரை ஃபைல்ல சேர்த்துட்டு வந்தேன், அவ்வளவுதான். பச்சை விளக்கு எரிஞ்சுது, நல்லா ஓடுச்சுக்கா."

அக்கா மடிக்கணினியில் அந்த இல்லத்தின் ஃபைலைத் திறந்தாள். புது நர்ஸின் எண்ணுக்கு மேல்வரியில் கமா இல்லை. ஃபைலைப் படிக்க முடியாத புரோகிராம், அவள் சொல்லி வைத்தபடியே, மாதிரி ஃபைலை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறது.

அவள் அந்த இல்லத்துக்குப் போன் செய்தாள். எடுத்த அம்மாள் தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் மாதிரி பேசினார். நாலாம் அறைப் பெரியவர் மதியமே போய்விட்டாராம். பொத்தானுக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி இருந்தாராம்.

"மணி அடிச்சிருந்தா ஓடியிருப்போம்மா. நர்ஸ் கையிலதான் போன் இருந்துச்சு, ஒரு சத்தம் வரல. அவர் எப்பவுமே அடிக்கமாட்டாரு, பிடிவாதம். அவர் பொண்ணு வந்து, கடைசிவரைக்கும் இப்படிப் பண்ணிட்டீங்களேன்னு அவரையே திட்டித் திட்டி அழுவுது."

மறுநாள் அக்கா மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கதவைச் சாத்தினார்.

"கமாவைப் போட்டாச்சு இல்ல? இல்லத்துல நம்மள யாரும் எதுவும் கேக்கல. நீயாப் போய் வாயைக் கொடுத்தா உன் வேலையோட நிக்காதும்மா, இங்க இருக்கிற அத்தனை பேர் பொழப்பும் போகும்."

வீட்டில் அம்மாவும் அதையேதான் வேறு விதமாகச் சொன்னார். "அந்தப் பையன் விட்ட கமாவுக்கு நீ ஏன்டி சாகுற? நீ சொன்னா அவரு எழுந்து வரப்போறாரா?"

"கமாவை விட்டது அவன்மா. வாயத் தெறக்காம ஓடுன்னு சொல்லி வெச்சது நான்." அக்கா சாப்பாட்டில் கை வைக்காமலே எழுந்தாள். "அவரு கூப்பிடவே இல்லன்னு அந்தப் பொண்ணு நெனச்சிட்டிருக்கு. கூப்பிட்டாருங்கிறதுக்கு அத்தாட்சி என் போன்ல மட்டும்தான் இருக்கு."

இரண்டு நாள் இப்படியே போனது. மூன்றாம் நாள் அலுவலகத்தில் மாதிரி ஃபைலை எடுத்துவிட்டு, செட்டிங்ஸ் ஃபைலைப் படிக்க முடியாவிட்டால் நின்று சத்தம் போடு என்று புரோகிராமை மாற்றினாள். அதோடு வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டாள். வீட்டுக்கு வந்து என்னைப் பார்த்து, "அந்தப் பொண்ணைப் பார்க்கத் தனியாப் போகக் கால் வரலடா, கூட வா," என்றாள்.

அந்தப் பெரியவரின் மகள் ஒரு சலவைக் கடை வைத்திருந்தார். நாங்கள் போனபோது பள்ளிச் சீருடைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அக்கா தான் யார் என்று சொன்னாள். பிறகு நின்றபடியே, "உங்க அப்பா பொத்தானை அழுத்துனாருங்க," என்றாள்.

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "யாரு சொன்னா?"

அக்கா போனை நீட்டினாள். அவர் வாங்கி, விரலால் தள்ளித் தள்ளி வெகுநேரம் படித்தார்.

"வாரா வாரம் சண்டை போடுவேன், அழுத்துங்கப்பான்னு. ஆள் வெச்சுக் கூப்பிட நான் என்ன மகாராஜாவான்னு கேப்பாரு. ஐஸ் பெட்டியில வெச்ச பிறகுகூட அவர் மூஞ்சியப் பார்த்துத் திட்டுனேன்." போனிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "இது உங்க போனா?"

"ஆமாங்க. தப்பா எனக்கு வந்துடுச்சு. நான் செஞ்ச தப்பு."

"இது வரும்போது நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

சோதனைச் செய்தி என்று நினைத்தேன் என அக்கா சொல்லியிருக்கலாம், அது உண்மையும்கூட. ஆனால் அவள், "சாப்பிட்டுட்டிருந்தேன்," என்றாள்.

அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார். "வெளிய போங்க."

நாங்கள் படி இறங்கி, பக்கத்துச் சைக்கிள் கடை தாண்டியிருப்போம். "இந்தாங்க," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"அதை எனக்கு அனுப்பி விடுங்க."

"எதைங்க?"

"அவரு கூப்பிட்டத."

அவர் தன் எண்ணைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அக்கா தெருவோரமாக நின்று அந்தச் செய்திகளை ஒவ்வொன்றாக அனுப்பினாள். ஒன்று போய்ச் சேரும்போதெல்லாம் கடைக்குள்ளே ஒரு மணிச்சத்தம் கேட்டது.